முதன்முதலாகக் கேம்பர் (உள்ளேயே படுத்து எழும்பிப் பயணம் போகிற வாகனம்) வாங்க நினைக்கிறோம், இருப்பது திருகோணமலை: இழுத்துப் போகும் ட்ரெயிலரா, வானா?

வான். ட்ரெயிலர் வேண்டாம்.

அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம். மற்றவர்களுக்கு ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஊர் திருகோணமலை, இது முதல் தடவை, காசு அளவாகத்தான் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகிக்கிறேன். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள், கூடவே வயதான ஒருவர் இருப்பார். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய ட்ரெயிலரைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார். ட்ரெயிலர் என்ற எண்ணமே நம்மூரில் தானாக வருவதில்லை, யாரோ சொல்லித்தான் வரும். எங்கள் வீட்டில் சொன்னவர் என் கணவருடைய தம்பி.

அவர் இருப்பது ரொறொன்ரோவில். 24 அடி ட்ரெயிலர், அதை இழுக்க ஒரு பிக்கப். ஒரு கோடையில் நாங்களும் போய் அதில் படுத்து எழும்பியிருக்கிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவில் நமக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கரண்ட் தூண் நின்றது, வயரைச் செருகியதும் ஏசி ஓடியது. திரும்பும் வழியில் கழிவுத் தொட்டியைத் திறந்துவிட ஓர் இடம், கழுவ ஒரு குழாய். ட்ரெயிலரைக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப்பில் கடைக்குப் போய் வந்தோம். அந்த நாட்டுக்கு அது சரியான சாமான். ஆகவே அங்கே இருப்பவர்கள் யாரும் கீழே கருத்துகளில் வந்து என்னோடு சண்டைக்கு நிற்க வேண்டாம். நான் எழுதுவது மூதூருக்கும் கந்தளாய்க்கும் ஓடப்போகிற ஆளுக்கு.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் தம்பி விடவில்லை. “அண்ணி, பழசு ஒண்டைப் பார்த்துக் கொண்டெய்னரில போட்டு விடுறன், நீங்கள் எடுத்து ஓடுங்கோ.” நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கேட்ட உடனே ஓம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

முதலில் கதவு. வட அமெரிக்காவில் ரோட்டின் வலப்பக்கம் ஓடுவார்கள், அதனால் ட்ரெயிலரின் கதவும் வலப்பக்கம் இருக்கும். நாங்கள் ஓடுவது இடப்பக்கம். ரோட்டோரமாக நிறுத்திக் கதவைத் திறந்தால் என் மாமியார் காலை வைப்பது கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால். அடுத்தது கரண்ட். அங்கே 120 வோல்ட், இங்கே 230. உள்ளே இருக்கிற ஏசி, மைக்ரோவேவ் எல்லாவற்றுக்கும் வழி தேட வேண்டும். அப்புறம் பாரம். ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. சாமானைப் பின்பக்கம் கூட ஏற்றிவிட்டால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கி, இழுக்கிற வாகனத்தையும் சேர்த்து ஆட்டும். போதாததற்கு ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெயிலர் ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு வரும். வானில் போனால் மெல்லப் பின்னால் எடுக்கலாம். “24 அடியையும் இழுத்துக்கொண்டு யானைக்கு முன்னால நிண்டோ நான் ரிவர்ஸ் பழகுறது?” என்று கேட்டேன். “அண்ணி, உங்களுக்கு விளங்கேல்லை” என்றார். வீடியோ கோல் அத்தோடு முடிந்தது.

“சின்ன ட்ரெயிலர்களும் இருக்கே” என்று ஒருவர் நிச்சயம் வருவார். இருக்கிறது, தெரியும். கணவன் மனைவி இரண்டே பேர், இழுக்க வீட்டில் ஜீப் நிற்கிறது, தெரிந்த ஒரே இடத்தில் போய்க் கிடப்பதுதான் திட்டம் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ட்ரெயிலருக்கும் தனியாகப் பதிவு வேண்டும் என்பதை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, வானுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 தொடக்கத்தில். நாங்கள் தேடியது இடைப்பட்ட காலத்தில். ஓட்டை டொல்பின் (டொயோட்டா ஹையேஸ் வானுக்கு இங்கே அந்தப் பெயர்) ஒன்றுக்கும் காணி விலை சொன்னார்கள். கறள் பிடித்த கதவைக் காட்டி விலை கேட்டால், “வேண்டாமெண்டால் விடுங்கோ, பின்னுக்கு ஆள் நிக்குது” என்பார்கள். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, ஆறுதலாகப் பாருங்கள்.

நான் வேண்டுமென்றே மாரிக்குள் பார்க்கப் போனேன். வாடைக்காற்றோடு நவம்பர், டிசம்பரில் அடிக்கிற மழையில் நிற்கிற வானின் கூரையைப் பார்த்தால் சித்திரை வெயிலில் தெரியாதது எல்லாம் தெரியும்.

வெளியூரில் ஒரு விற்பனையாளரிடம், பெயர் வேண்டாம், கேம்பராக மாற்றி முடித்த வான் ஒன்று நின்றது. நீல விளக்கு, டிவி, மெத்தை, கூரையில் ஏசி. பேரப்பிள்ளைகள் உடனே ஏறிப் படுத்துவிட்டார்கள், இனி எங்கே பேரம் பேசுவது. “ஏசி விடிய விடிய ஓடும் மேடம்” என்றார். பற்றரியைக் காட்டுங்கள் என்றேன். சீட்டுக்குக் கீழே சாதாரண ஈய பற்றரி ஒன்று, 12 வோல்ட், 100 அம்பியர் மணி. பெருக்கினால் 1200 வாட் மணி. ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே கையில் இருப்பது 600. அந்த ஏசி ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும். 36 நிமிடம். இன்வேர்ட்டரில் போகிற நட்டத்தை நான் கழிக்கக்கூட இல்லை. அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். “ஓடிக்கொண்டு போகேக்க சார்ஜ் ஏறும் மேடம்.” இரவில் நாங்கள் படுத்திருப்போமா, ஓடிக்கொண்டிருப்போமா?

அதற்குள் என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குசினியில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தோடு வானைச் சுற்றத் தொடங்கிவிட்டார். கீறல் விழாமல் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பிடித்து, இடத்துக்கு இடம் வைத்துப் பார்க்க வேண்டும். தகரம் இருக்கிற இடத்தில் பிடிக்கும். பின் சில்லுக்கு மேலே உள்ள வளைவில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு நிலத்தில் விழுந்தது. அங்கே தகரமே இல்லை, வெறும் பட்டி. கறளைச் சுரண்டிப் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வான்களில் கூரையோரத்து வாய்க்கால், வழுக்குக் கதவின் கீழ்ப்பக்கம், மிதிபடி, சில்லு வளைவு நான்கையும் இப்படிப் பாருங்கள். கூரையில் காற்றாடிக்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றிப் புதுச் சிலிக்கன் பளபளத்தது. பக்கத்துப் பலகையைப் பெருவிரலால் அமத்தினேன், விரல் உள்ளே போனது. நாள்கணக்கில் தண்ணீர் குடித்த பிளைவுட்.

ரயரையும் விடாதீர்கள். பூ, அதாவது ரயரின் மேல் வெட்டு, நல்லாயிருக்கிறது என்று ஏமாறக்கூடாது. பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. கேம்பர்கள் ஓடுவதை விட நிற்பதுதான் கூட, ரயர் தேயாமலே கிழடாகிவிடும்.

கடைசிப் பரிசோதனை மாமியுடையது. எண்பதைத் தாண்டியவர், முழங்கால் வருத்தம். ஏறிப் பாருங்கோ மாமி என்றேன். படியில் ஒரு காலை வைத்துக் கைபிடி தேடினார், இல்லை. விற்பனையாளர் கை கொடுக்க வந்தார். “தம்பி, இரவில நீரோ வந்து ஏத்திவிடுவீர்?” என்று கேட்டுவிட்டுப் போய்க் கதிரையில் இருந்துகொண்டார். என்னுடைய பெருக்கல், இவருடைய காந்தம் எல்லாவற்றையும் விட அந்த ஒரு கேள்விதான் சரியான கேள்வி. உள்ளே படுக்கப்போகிறவர் யார், அவர் இரவு இரண்டு மணிக்கு எழும்பினால் என்ன செய்வார்? அதற்குப் பதில் சொல்கிற வானை வாங்குங்கள். விளக்கும் டிவியும் பிறகு பூட்டலாம்.

நாங்கள் வாங்கியது மலைநாட்டில் ஓடிய, உள்ளே ஒன்றுமில்லாத, கூரை உயர்ந்த ஹைரூஃப் டொல்பின். எந்த ஊர் கராஜ் பாஸுக்கும் கைப்பழக்கமான டீசல் எஞ்சின். சந்தி சிரிக்கும் என்றார்கள், பென்சன் காசைத் தகரத்தில் கொட்டுகிறாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவரும் பிறகு வந்து படுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். உவர்மலையில் ஒரு தச்சுப் பாஸ் உள்வேலை செய்து தந்தார். அலுமாரி அலுமாரியாக அடிக்கத்தான் அவருக்கு ஆசை, நான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லீற்றர் தொட்டி பூட்டினால் 100 கிலோ, பலகை, பற்றரி, காஸ், அதற்கு மேலே ஆட்கள். வான் தாங்கக்கூடிய மொத்த எடை இவ்வளவு என்று இருக்கிறது. வேலை முடிந்ததும் ஆட்களோடும் சாமான்களோடும் லொறி நிறுக்கிற தராசில் ஏற்றிப் பாருங்கள். எங்கள் தொட்டி 50 லீற்றர். இந்த நாட்டில் தண்ணீர் கிடைக்காத ஊர் வழியாகவா போகப்போகிறோம்.

பிள்ளைகள் இருக்கும் சீட்டைக் கழற்ற விடாதீர்கள். பெல்ட்டோடு முன்பக்கம் பார்த்த சீட்டாகவே இருக்கட்டும், மடித்தால் கட்டிலாகிற மாதிரிச் செய்யலாம். பக்கவாட்டில் வாங்கு போட்டு, பெல்ட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிப் போகிற கேம்பர்களைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சூடை மீனை உள்ளே பொரித்தால் மெத்தையோடு சேர்ந்து நீங்களும் மணப்பீர்கள். காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் வைக்கிற பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேலே யன்னல் இருப்பதால் பயமில்லை என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். மலசலகூடத்துக்கு நாங்கள் வைத்திருப்பது கழற்றி எடுக்கிற பெட்டி வகை. வீட்டுக்கு வந்து கழிவறையில் ஊற்றிக் கழுவுகிறோம். பற்றைக்குள் ஊற்றுகிறவர்கள் இந்தப் பதிலுக்கு லைக் போட வேண்டாம்.

வெக்கையைப் பற்றிக் கேட்பீர்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் 35 பாகையைத் தாண்டும், தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். வெள்ளை நிற வான், கூரைக்குள் வெப்பம் தடுக்கிற பஞ்சு, மேலே காற்றாடி, எல்லா யன்னலுக்கும் நுளம்பு வலை. இவ்வளவும் இருந்தால் கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நிலாவெளியில் மணலுக்குள் மட்டும் இறக்காதீர்கள், தார் ரோட்டை விட்டுப் பத்தடி போனாலே சில்லு புதையும். கடற்கரையில் நின்றுவிட்டு வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்தது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பின்னேரம் கோட்டைப் பக்கம் வானை நிறுத்தியிருந்தோம். திறந்திருந்த கதவுக்கு மான் ஒன்று வந்தது. வாயில் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீட், பாதி உள்ளே, பாதி வெளியே, பருப்புக் கறி ஊறி மஞ்சளாக. அது மென்றுகொண்டே நிற்கிறது, பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துச் சிரித்து செல்பி எடுக்கிறது. இவர் பிடித்து இழுக்கப் போக, மான் விழுங்கிக்கொண்டே ஓடிவிட்டது. கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்களே, கடற்கரைக்கு வருகிறவர்களே, சாப்பிட்ட பார்சலை உங்கள் வாகனத்துக்குள் எறிந்துகொண்டு போனால் என்ன குறைந்துவிடும்? உள்ளூர்க்காரரும் திறமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் எங்காவது ஒரு கேம்பரை வாடகைக்கு எடுத்து முழுக் குடும்பமும் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். வாடகை கூட என்று நினைக்காதீர்கள், வாங்குகிற காசோடு பார்த்தால் அது சில்லறை. உள்ளே மாற்றம் செய்த வான் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஏதாவது நடந்த பிறகு “இது நாங்கள் காப்புறுதி செய்த வான் இல்லையே” என்று கேட்பார்கள்.

எங்கள் வானைப் பார்க்க விருப்பம் என்றால் செய்தி அனுப்புங்கள், வந்து ஏறிப் பார்க்கலாம், மாமியோடும் கதைக்கலாம். இரவல் மட்டும் கேட்க வேண்டாம். போன முறை கொடுத்த சொந்தக்காரர் டீசல் இல்லாமல் கொண்டுவந்து விட்டதுமல்லாமல், கட்டில் ஒடுக்கமாம்.