காலெட்டும் உப்பு வெண்ணெயும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் இரண்டு மாதங்களாகப் பாரிஸில் இருக்கிறேன். ரென் நகரின் சனிக்கிழமைச் சந்தையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அங்கே போய்வர ஆசை. ஆனால் நான் இறைச்சி உண்பதில்லை. நீங்கள் கொண்டாடிய காலெட்–சொசிஸ், அதாவது தோசை போன்ற காலெட்டில் சுற்றிய சாசேஜ், பன்றி இறைச்சிப் பண்டம் ஆயிற்றே. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

எஸ்., பாரிஸ்

அன்புள்ள எஸ்.,

அவசியம் போங்கள். மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். லீஸ் சதுக்கத்தில் 1622 முதல் கூடும் சந்தை அது. பிற்பகலில் கலைந்துவிடும் என்பதால் பத்து மணிக்குள் அங்கே இருங்கள்.

அந்தக் கட்டுரையில் சாசேஜைப் பற்றியே எழுதி, அதைச் சுற்றியிருக்கும் காலெட்டை விட்டுவிட்டேன். ரென் இருக்கும் வடமேற்குப் பிரான்சின் பிரிட்டனி மண்ணின் சுவை காலெட்டில்தான் இருக்கிறது. பக்வீட் மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பக்வீட்டை அங்கே 'கறுப்புக் கோதுமை' என்கிறார்கள். உண்மையில் அது கோதுமை இனமே அல்ல, புல் வகையும் அல்ல. வளமற்ற நிலத்திலும் மூன்று நான்கு மாதங்களில் விளைந்து ஏழைகளின் வயிற்றை நிரப்பிய பயிர். வட்டமான இரும்புக் கல்லில் மாவை ஊற்றி மரக்கோலால் இழுப்பதைப் பார்த்தால் உங்களுக்குத் தோசை நினைவு வரும். வாயில் வைத்ததும் அந்த நினைவு போய்விடும். புளிப்பே இருக்காது, வறுத்த மணமும் மெல்லிய கசப்பும்தான்.

வெறும் வெண்ணெய் தடவிய காலெட்டைக் கேளுங்கள். பழைய பிரான்சில் உப்பு வரி மக்களை வாட்டியபோது பிரிட்டனிக்கு விலக்கு இருந்தது. அங்கே உப்பு மலிவு. அதனால் வெண்ணெயில் உப்பு சேர்க்கும் வழக்கம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அந்த உப்பு வெண்ணெய் கசப்போடு சேரும் இடம்தான் எனக்கு உயிர். ஒரு எச்சரிக்கை: கல்லில் பன்றிக்கொழுப்பு தடவுவது பழைய வழக்கம். வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

கூடவே 'லே ரிபோ' கிடைத்தால் விடாதீர்கள். வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் மோர்தான் அது. பிரிட்டனியின் பிரெத்தோன் மொழியில் கடையும் கலத்துக்குப் பெயர் 'ரிபோத்'. கோடையின் தொடக்கம் என்றால் பிரிட்டனியின் புளூகாஸ்தெல் ஊர் ஸ்ட்ராபெரியும் வந்திருக்கும். காகிதப்பையிலிருந்தே எடுத்துத் தின்றபடி சந்தையை இன்னொரு முறை சுற்றுங்கள்.

திரும்பும்போது அரை டஜன் காலெட் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை வாணலியில் வெண்ணெய் விட்டுச் சூடாக்கினால் ஓரம் மீண்டும் மொறுமொறுப்பாகிவிடும்.