‘அபாத்திரமாய்’ என்று பவுல் சொன்னது யாரை?

“1 கொரிந்தியர் 11:27-ல் ‘அபாத்திரமாய்’ (தகுதியில்லாமல்) அப்பத்தைப் புசிக்கிறவன் குற்றமுள்ளவன் என்று வருகிறதே, பாவ உணர்வு இருந்தால் திருவிருந்தில் பங்குபெறக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பயத்தால் திருவிருந்தைத் தவிர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். அந்த வசனத்தைத் தனியாக எடுக்காமல் 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.

கி.பி. 55 வாக்கில் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு இதை எழுதியபோது தனி ஆலயக் கட்டடங்கள் இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள். இராப்போஜனமும், அதாவது திருவிருந்தும், ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான் (வசனம் 21). வேலை முடிந்து தாமதமாக வந்த அடிமைகளும் கூலிக்காரர்களும்தான் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று பவுல் கொதிப்பது அதனால்தான்.

ஆக, ‘அபாத்திரமாய்’ என்பது ஆளின் தகுதியை அல்ல, சாப்பிட்ட விதத்தைச் சொல்கிறது. தன்னைச் சோதித்தறியச் சொல்கிற 28-ஆம் வசனமும் ‘இந்த அப்பத்தில் புசித்து’ என்றுதான் தொடர்கிறது. விலகிப் போகச் சொல்லவில்லை.

சரி, பவுல் சொன்ன தீர்வு? ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (வசனம் 33).