ஹவானா சக்கரையால வந்த ஊரா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார். கியூபா தலைநகர் ஹவானால இருக்குற கோட்டைங்க பத்தி நீங்க எழுதினத படிச்சேன். கியூபான்னாலே சக்கரைதான்னு சொல்றாங்களே, அவ்ளோ பெரிய கோட்டைங்க கட்டின காசும் சக்கரைல வந்ததுதானா? அப்படி பணம் பார்த்த ஊர்ல இன்னைக்கு வீடுங்க ஏன் இடிஞ்சு விழுது?
– உங்க வாசகி

வணக்கம்மா. கோட்டைங்களுக்கு வந்தது முக்கியமா மெக்சிகோ வெள்ளி. ஸ்பெயின்காரங்க மெக்சிகோ துறைமுகம் வேராகுரூஸ்ல இருந்தும் தென் அமெரிக்கா பக்கமிருந்தும் வெள்ளி ஏத்திட்டு வர்ற கப்பலெல்லாம் ஹவானால ஒண்ணு சேர்ந்து கூட்டமாத்தான் ஸ்பெயினுக்குக் கிளம்பும், ஏன்னா கொள்ளைக்காரங்க பயம், அதோட ஐரோப்பா பக்கம் தள்ளிவிடுற கடல் நீரோட்டம் ஃபுளோரிடா ஓரமா போகுது, ஹவானா அதோட வாசல்லயே இருக்கு. வாரக்கணக்கா கப்பல் காத்துக் கிடக்கும். அந்த ஆளுங்களுக்கு சோறு, தண்ணி, உப்புக்கண்டம், தங்க இடம், கப்பல் ரிப்பேர், இதுதான் அந்த ஊரோட பொழப்பு. 1555ல ஜாக் டி சோரஸ்னு ஒரு பிரெஞ்சுக் கொள்ளைக்காரன் ஊரையே கொளுத்திட்டுப் போனான், துறைமுக வாசல்ல இருக்குற மோரோ கோட்டைய 1589ல ஆரம்பிச்சாங்க. ரிப்பேர் பண்ணிப் பழகின கைங்க பின்னாடி பெரிய போர்க்கப்பலே கட்டுச்சு, 1805ல பிரிட்டன்கூட நடந்த டிரஃபால்கர் கடல் சண்டைல நின்ன சாந்தீசிமா டிரினிடாட் கப்பல் 1769ல ஹவானால கடல்ல இறங்கினதுதான்.

சக்கரை பெருசா வந்தது ரொம்ப லேட்டு. 1762ல பிரிட்டிஷ்காரங்க ஊரப் புடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள திருப்பிக் குடுத்தாங்க, அந்தக் கொஞ்ச நாள்லயே வியாபாரமும் அடிமைங்க இறக்குமதியும் கூடிப்போச்சு. 1791ல ஹைதில அடிமைங்க எழுந்து நின்னதும் அங்க சக்கரை உற்பத்தி சரிஞ்சுது, அந்த இடத்த கியூபா புடிச்சுது. 1837ல ஹவானால இருந்து பக்கத்து ஊர் பெஹுகால் வரை ரயில் விட்டாங்க, கியூபாவ ஆண்ட ஸ்பெயின்லயே அப்ப ரயில் கிடையாது, அங்க வந்தது 1848ல. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது, சக்கரைய துறைமுகத்துக்கு இழுக்க அவ்ளோ சீக்கிரம் ரயில் வந்த நாட்டுல அடிமை முறை ஒழிய 1886 வரைக்கும் ஆச்சு.

வீடுங்க இடியுறதுக்கு என் பதில் இதுதான்: அந்த ஊருக்கு எப்பவும் ஒரே ஒரு பெரிய கஸ்டமர்தான். முதல்ல ஸ்பெயின் கப்பல், அப்புறம் அமெரிக்கா, அமெரிக்கா 1960ல சக்கரை வாங்குறத நிறுத்தி 1962ல தடை போட்டதுக்கப்புறம் முழுசா சோவியத். அதிக விலைக்கு சக்கரைய வாங்கிட்டு பெட்ரோல் குடுத்தாங்க. 1970ல ஒரு கோடி டன் இலக்கு வச்சு நாட்டையே கரும்பு வெட்ட விட்டாங்க, 85 லட்சம் டன் வந்துச்சு, மத்த வேலையெல்லாம் படுத்துருச்சு. இது கியூபா அரசோட தப்புதான், அமெரிக்கா மேல மட்டும் பழி போட முடியாது. 1991ல சோவியத்தே போயிருச்சு, 2002ல பாதி ஆலைங்கள மூடினாங்க.

1960ல ஒரு சட்டம் வந்து வாடகைக்கு இருந்தவங்களுக்கே வீடு சொந்தமாகிற வழி பண்ணுச்சு, நல்ல விஷயம். ஆனா சிமெண்ட்டும் கம்பியும் அவங்க கைல இல்ல, அரசும் காச கிராமங்களுக்குத்தான் முதல்ல குடுத்துச்சு. உயரமான கூரை இருக்குற பழைய வீடுகள்ல நடுவுல பலகை அடிச்சு இன்னொரு மாடி ஆக்கி குடும்பம் பெருகப் பெருக அதுலயே இருக்காங்க, பார்பகோவான்னு சொல்வாங்க, அந்த பாரமும் உப்புக்காத்தும் சேர்ந்து சுவத்த தின்னுது. பழைய ஹவானால நகர வரலாற்றாளரா இருந்த எவுசேபியோ லெயாலோட ஆபீஸ் ஹோட்டல் நடத்தி அந்த லாபத்துலயே பல கட்டடங்கள மீட்டாங்க, அத நான் மனசார மதிக்கிறேன். ஆனா அந்த காசும் டூரிஸ்ட் வந்தாத்தான், 2020ல கொரோனா வந்ததும் அதுவும் நின்னுபோச்சு.