பியானோ கற்க ஆசிரியர் கட்டாயம் வேண்டுமா?

களியக்காவிளையில் இருக்கிறேன், வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. யூடியூப் போதுமா, திருவனந்தபுரம் போய் ஆசிரியரிடம் படிக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய்ப் படியுங்கள். எந்தக் கட்டையைத் தொட வேண்டும் என்பதை வீடியோ காட்டிவிடும். உங்கள் மணிக்கட்டு இறுகியிருப்பதை அது பார்க்காது. நானும் சர்ச் பாட்டுக்குழுவில் கேள்வி ஞானத்தில் பழகியவன். சுண்டுவிரலை மடக்கி வாசிக்கும் பழக்கத்தை மாற்றவே ஆசிரியரிடம் ஆறு மாதம் ஆனது. பியானோவில் கட்டையை அழுத்தும் வேகத்தைப் பொறுத்துத்தான் உள்ளே சுத்தியல் கம்பியில் மெல்லவோ பலமாகவோ அடிக்கும். அந்த நயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்தான் திருத்த முடியும்.

தினமும் அரை மணி வாசித்தால் வாரம் ஒரு வகுப்பு போதும். அப்புறம், முழுப் பியானோவுக்கு 88 கட்டை. தொடக்கத்துக்கு உங்கள் 61 சரிதான். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிறதா என்று பாருங்கள்.