கயிறு கட்டுன மூணாம் நாள் – கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

எங்க சித்தப்பா விஷயமா கேக்கணும். வலங்கைமான் பக்கம் எங்க ஊரு. அவர் நெல் கொள்முதல் நிலையத்துல லோடுமேன், மூட்டையும் தைப்பாரு. ரொம்ப வருஷமா குடி, இப்ப தினம் ரெண்டு குவார்ட்டர், சீசன்ல காசு புழங்குனா அதுக்கு மேலயும் போகும். சித்தி அழுதாங்கன்னு போன மாசம் கோயில்ல கயிறு கட்டிகிட்டு ஒரே நாள்ல சுத்தமா நிறுத்திட்டாரு. மறுநாளே கை நடுக்கம், வாந்தி, பொட்டுத் தூக்கம் இல்ல. மூணாம் நாள் ராத்திரி செவுத்துல எறும்பு ஊருதுன்னு துடைக்க ஆரம்பிச்சாரு, செத்துப்போன தாத்தாகிட்ட பேசுனாரு, அப்புறம் பாயில உக்காந்துகிட்டு ஊசியும் இல்லாம நூலும் இல்லாம சாக்கு தைக்கிறாரு, பல்லால நூல கடிச்சு அறுக்கிற மாதிரி கூட செஞ்சாரு. சாமி குத்தம்னு ஒருத்தர், காத்து கருப்புன்னு ஒருத்தர். கடைசியில பக்கத்து வீட்டு மாமா ஒரு குவார்ட்டர் வாங்கியாந்து ஊத்துனாரு, விடியிறதுக்குள்ள அடங்கித் தூங்கிட்டாரு. இப்ப பழையபடி குடிக்கிறாரு. "அவன் ஒடம்பு சரக்குக்கு பழகிருச்சு, நிறுத்துனா பைத்தியம் புடிச்சிரும்"னு வீட்ல முடிவே பண்ணிட்டாங்க. நிறுத்துனதாலதான் மூளை கெட்டுச்சா? டாக்டர்கிட்ட போனா தூக்க மாத்திரை குடுத்து அதுக்கு அடிமையாக்கிருவாங்கன்னு சித்தி பயப்படுறாங்க, அது நெசமா?

(பேரு போட வேணாம்)

தம்பி,

அந்த சாக்கு தைக்கிற வரியப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு. ஏன்னா அது டாக்டருங்களுக்கு நல்லா தெரிஞ்ச அடையாளம். இந்த நிலைமையில பல பேரு தன் தொழிலத்தான் செய்வாங்க, டெய்லர் துணி தைப்பாரு, டிரைவர் ஸ்டியரிங்க திருப்புவாரு. நான் ஜி.எச்.ல ஃபார்மசிஸ்ட்டா இருந்தப்ப வார்டுல ஒரு பெரியவரு கட்டில்ல உக்காந்து போர்வையில நாத்து பறிச்சு முடி, அதாவது நாத்துக் கட்டு, கட்டிகிட்டு இருந்தத பாத்திருக்கேன், முடிய ஒதறி சேறு போக்குறது வரைக்கும் அப்படியே செஞ்சாரு. இதுக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேரு, தாமஸ் சட்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1813லயே வச்சது. பைத்தியம் இல்ல, சாமி குத்தமும் இல்ல. ஆனா பைத்தியத்த விட ஆபத்து, சிகிச்சை இல்லாம விட்டா உயிரே போகும்.

என்ன நடந்துச்சுன்னா, மூளையில குளுட்டமேட்னு ஒரு ரசாயனம் நரம்பணுக்களை முடுக்கிவிடும், காபான்னு ஒண்ணு அடக்கும். திருவாரூர் தேர நெனச்சுக்குங்க. வடம் புடிச்சு இழுக்கிறவங்க குளுட்டமேட், சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறவங்க காபா (இப்ப பெல் கம்பெனி வச்சுக் குடுத்த ஹைட்ராலிக் பிரேக்கெல்லாம் இருக்கு, அத விடுங்க). ரெண்டு பேரும் சரியா இருந்தாத்தான் தேரு வீதியில ஒழுங்கா நகரும். சாராயம் உள்ள போனா காபா வேலைய கூட்டிவிடுது, குளுட்டமேட் வாங்குற என்எம்டிஏங்கிற வாசல அடைக்குது, அதாவது வெளியூர்க்காரன் ஒருத்தன் தினம் சாயங்காலம் வந்து கூடுதலா ஒரு பெரிய கட்டைய சொருகிட்டுப் போறான். ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல, வருஷக்கணக்கா போட்டா மூளை சும்மா இருக்குமா, தேர நகத்தியாகணுமே, அதனால அது வடத்துல ஆள கூட்டிகிட்டே போகுது, சொந்த முட்டுக்கட்டைக்காரங்களுக்கு வேலை இல்லாம பாதிப்பேரு வீட்டுக்குப் போயிடுறாங்க. பழைய அளவு குடிச்சா போதை ஏறலன்னு கட்டிங் குவார்ட்டராகி குவார்ட்டர் ரெண்டாகுறது இதனாலதான். இப்ப ஒரே நாள்ல அந்த வெளியூர் கட்டைய உருவிட்டா என்ன ஆகும்? தேரு கட்டுக்கடங்காம ஓடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பிபி ஏறுறது, வலிப்பு, எறும்பு, தாத்தா எல்லாம் அந்த ஓட்டம்தான்.

நிறுத்துனதால கெட்டுச்சான்னு கேட்டீங்கள்ல, குடிச்ச வருஷத்துலயே மாறிப்போன மூளை நிறுத்துனப்ப வெளியில தெரிஞ்சுது, அவ்ளோதான். இத ஒருகாலத்துல டாக்டருங்களே நம்பல, சத்துக்குறைவுன்னு சொன்னவங்களும் உண்டு. 1955ல வெளியான ஆராய்ச்சியில, அமெரிக்காவுல கென்டக்கி லெக்சிங்டன்ல ஹாரிஸ் இஸ்பெல்னு ஒரு டாக்டர், போதைக்கு அடிமையா இருந்த சில பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் குடுத்துகிட்டே வாரக்கணக்கா சாராயமும் குடுத்து திடீர்னு நிறுத்திப் பாத்தாரு, நடுக்கம் வலிப்பு பிதற்றல் எல்லாம் வந்துச்சு. இன்னிக்கு அந்த மாதிரி சோதனைக்கு யாரும் அனுமதி குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. ஆனா சத்துக்குறைவு இல்லாமலே, நிறுத்துறதால மட்டுமே இது வரும்னு அதுலதான் தெளிவாச்சு.

நாள் கணக்கும் அப்படியே பொருந்துது பாருங்க. கடைசி கிளாஸ் முடிஞ்ச முதல் நாளுக்குள்ள நடுக்கம், வலிப்பு வர்றதா இருந்தா பெரும்பாலும் ரெண்டு நாளைக்குள்ள, இந்த எறும்பு பூச்சி சமாச்சாரம் ரெண்டுலேர்ந்து நாலு நாளுக்குள்ள. அதனாலதான் ஊர்ல மூணாம் நாள் கயித்தோட சக்தி தெரியும்னு பேசிக்கிறாங்க. இன்னொண்ணு, இப்படி நிறுத்தி நிறுத்தி மறுபடி தொடங்குனா ஒவ்வொரு தடவையும் வேகம் கூடும், வலிப்பு வர்ற வாய்ப்பு ஏறிகிட்டே போகும். அடுத்த வருஷமும் ஒரு கயிறுன்னா இத விட மோசமா வரலாம். கஞ்சாவ நிறுத்துனா எரிச்சலும் தூக்கமின்மையும், ஹெராயின நிறுத்துனா படுற பாடு பெரும்பாடு ஆனா பொதுவா அது மட்டும் ஆள கொல்லாது. திடீர்னு விட்டா உயிருக்கே உலை வைக்கிறது சாராயமும் தூக்க மாத்திரை வகையும்தான். கடையில லைசென்ஸோட விக்கிற சரக்குதான் இந்த விஷயத்துல பெரிய கில்லாடி. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதம்னு லேபிள்லயே இருக்கும், கணக்கு போட்டா சுமார் 60 கிராம் சுத்த சாராயம், சித்தப்பாவுக்கு தினம் 120.

மாமா ஊத்துன குவார்ட்டர் உருவுன கட்டைய மறுபடி சொருகுன மாதிரி, அதான் அடங்குச்சு. அவர திட்டாதீங்க, அந்த ராத்திரில அவருக்கு தெரிஞ்சது அதான். ஆனா 108ஐ கூப்புட வேண்டிய ராத்திரி அது.

ஊர்ல இன்னொரு வழக்கம் இருக்கு, ஆள் சோர்ந்துட்டா பக்கத்து கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துறது. குடிக்கிறவங்களுக்கு இத யோசிக்காம செய்யக்கூடாது. குளுக்கோஸ எரிக்க தயமின், அதாவது பி1 வேணும். குடிக்கிறவன் சோறு திங்கிறதில்ல, மிக்சரும் ஊறுகாயும்தான், தின்னாலும் சாராயம் குடல்ல பி1ஐ உறிஞ்ச விடாது. நம்ம ஆளுங்க புழுங்கலரிசி சாப்புடுறவங்க, நெல்ல அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 அரிசிக்குள்ள எறங்கிரும், பச்சரிசி தின்ன வட ஆந்திரா பக்கம் பி1 கொறைஞ்சா வர்ற பெரிபெரி நோய் ஆட்டம் போட்டப்ப நம்ம பக்கம் பெருசா வராததுக்கு அதுதான் காரணம். அந்த சோத்தையே தொடாதவனுக்கு அந்த புண்ணியம் எங்க? இருக்கிற கொஞ்ச பி1ஐயும் குளுக்கோஸ் இழுத்துகிட்டா கண் ஓட்டம் கெட்டு, நடை தள்ளாடி, புத்தி கலங்கும், 1881ல வெர்னிக்கின்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்ச நோய் அது. முத்திப்போனா நேத்து நடந்தது இன்னிக்கு நிக்காது, அது லேசுல திரும்பாது. அதனால விஷயம் தெரிஞ்ச டாக்டர் முதல்ல தயமின் ஊசி போடுவாரு, அப்புறம்தான் குளுக்கோஸ்.

மாத்திரைக்கு வரேன். குடுக்கிறது பெரும்பாலும் லிப்ரியம், 1960லேர்ந்து இருக்கிற மருந்து, ஈரல் கெட்டிருந்தா லொராசிபாம். அதுவும் அதே காபாவத்தான் தூக்கி நிறுத்தும், அதனால சித்தி பயம் வெத்துப் பயம் இல்ல, மாசக்கணக்கா தானா வாங்கி முழுங்குனா அதுவும் புடிச்சுக்கும். ஆனா இங்க முதல் நாள் நெறைய குடுத்து, நாளுக்கு நாள் கொறச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல நிறுத்திருவாங்க. மெடிக்கல் ஷாப்ல போயி "நடுக்கத்துக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு வாங்குற கதை வேற, அத செய்யாதீங்க, சரக்கோட சேத்து அந்த மாத்திரைய போட்டா மூச்சே நின்னுரலாம்.

கயிறு கட்டக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், நாலு பேர் முன்னாடி சாமிகிட்ட குடுத்த வாக்குக்கு ஒரு பலம் இருக்கு. காலையில எந்திரிச்சதும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குதுன்னா மட்டும் முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் கோயில். தஞ்சாவூர் மெடிக்கல், திருவாரூர் மெடிக்கல் ரெண்டுலயும் மனநல வார்டு இருக்கு, காசு இல்ல. போறதுக்கு முன்னாடி பேசணும்னா அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசுவாங்க. அட்மிஷன் கெடைக்கிற வரைக்கும் நீங்களா திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. கூட்டிட்டுப் போகும்போது தினம் எவ்ளோ, கடைசியா எப்ப குடிச்சாரு, முன்னாடி வலிப்பு வந்திருக்கா, இந்த எறும்பும் சாக்கும் எல்லாத்தையும் சொல்லிருங்க, மானம் போகுதுன்னு சித்தி ரெண்டு குவார்ட்டர ஒண்ணுன்னு கொறச்சு சொல்லிருவாங்க, டாக்டருங்க அந்த கணக்க வச்சுத்தான் மாத்திரை அளவே போடுவாங்க.