மாஸ்கோவுக்குப் போகுமுன் 'பார்க்கலாம் சார்' என்பதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். மாஸ்கோவில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தோடு ஆறு மாதமாக மின்னஞ்சலில் பேச்சு நடக்கிறது. வீடியோ காலில் யாரும் சிரிப்பதே இல்லை. விலை சொன்னால் 'இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறார்கள். ஆனால் நவம்பர் கடைசியில் நேரில் வரச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மது, மாமிசம் எனக்குப் பழக்கமில்லை. அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பதில்: நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சிரிக்காத முகத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். காரணமில்லாத சிரிப்பு முட்டாளின் அடையாளம் என்று அங்கே பழமொழியே உண்டு. முன்பின் தெரியாதவரிடம் பல்லைக் காட்டினால், 'இவர் எதையோ மறைக்கிறார்' என்றுதான் தோன்றும். பழகிவிட்டால் அதே ஆட்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

'இல்லை' விஷயமும் அப்படித்தான். பேரத்தில் வரும் 'நியெத்' கதவைச் சாத்துகிற சொல் இல்லை, பேரத்தைத் தொடங்கிவைக்கிற சொல். 'இந்த விலைக்கு இல்லை, மேலே பேசு' என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் குரல் உயரும், ஃபைலை மூடிவைப்பார்கள், எழுந்துகூடப் போவார்கள். நீங்களும் எழுந்துவிடாதீர்கள், பதறிப்போய் விலையைக் குறைக்கவும் செய்யாதீர்கள். டீ வரட்டும், பேச்சு மறுபடி தொடங்கும். இதற்காகவே முதல் விலையில் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு போங்கள். முதல் நாளே அடிவிலையைச் சொல்லிவிட்டால், இதற்குக் கீழேயும் இருக்கும் என்றுதான் நினைப்பார்கள்.

உண்மையான சிக்கல் அவர்களுடைய 'இல்லை'யில் இல்லை, நம்முடைய 'ஆமா'வில் இருக்கிறது. முடியாததை முடியாது என்று சொல்ல நமக்கு நா எழாது. 'பார்க்கலாம்', 'ட்ரை பண்றோம்', 'பண்ணிடலாம் சார்' என்போம். கேட்பவர் நம்மூர்க்காரர் என்றால் குரலை வைத்தே புரிந்துகொள்வார். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகும்போது அந்தக் குரல் உதிர்ந்து, ஒப்புதல் மட்டும் போய்ச் சேரும். 'ஜனவரி 20க்குள் அனுப்பப் பார்க்கிறோம்' என்றால் எதிரே இருப்பவர் நோட்டில் '20.01' என்று எழுதிக்கொள்வார். சரக்கு பிப்ரவரியில் கிளம்பினால், தாமதம் என்று சொல்ல மாட்டார்கள். பொய் சொன்னீர்கள் என்பார்கள். மாறாக, 'லேப் டிப், அதாவது சாய நிற மாதிரிக்கு, ஒப்புதல் வந்த நாளிலிருந்து 45 நாளில் முடியாது, 60 நாள் வேண்டும். சாயத்துக்கு மட்டும் இத்தனை நாள், தையலுக்கு இத்தனை நாள்' என்று கணக்கோடு மறுத்துப் பாருங்கள். மதிப்பு கூடும். காரணத்தோடு வரும் மறுப்பு அங்கே மரியாதைக் குறைவாகாது.

தலையாட்டலையும் அடக்குங்கள். பக்கவாட்டில் ஆடும் நம் தலை அங்கே 'இல்லை' என்று படும். ஆம் என்றால் மேலும் கீழும் ஆட்டி, 'தா' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெயர். ரஷ்யப் பெயரில் மூன்று துண்டுகள்: சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர். நடுவில் இருப்பது நம் இனிஷியல் மாதிரிதான். நாம் அப்பா பெயரைச் சுருக்கி முன்னால் வைக்கிறோம். அவர்கள் விரித்துப் பின்னால் வைத்து வாயாரக் கூப்பிடுகிறார்கள். நிகலாய் என்பவரின் மகன் செர்கேய் என்றால் 'செர்கேய் நிகலாயெவிச்', மகள் ஓல்கா என்றால் 'ஓல்கா நிகலாயெவ்னா'. வயதில், பதவியில் மூத்தவரை இப்படி இரண்டு பெயரும் சேர்த்துச் சொல்வதுதான் நம்முடைய 'ஐயா'வுக்குச் சமம். அலெக்சாந்தர் 'சாஷா' ஆவதும், மிகயீல் 'மீஷா' ஆவதும் நெருங்கியவர்களின் உரிமை. அவர்களே சொல்லும்வரை நாம் தொடக்கூடாது. 'தீ', 'வீ' என்ற வேறுபாடு நம் நீ, நீங்கள் போலவே. இளைஞர்கள் நடத்தும் நிறுவனங்களில் தந்தை பெயரை விட்டுவிட்டு முதல் பெயரோடு நிறுத்திக்கொள்வதும் சகஜம். அவர்கள் உங்களிடம் எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். கடிதத்தில் 'உவஜாயெமி செர்கேய் நிகலாயெவிச்!' என்று ஆச்சரியக்குறியோடு தொடங்குவார்கள், 'மதிப்பிற்குரிய' என்று பொருள். பெண்ணுக்கு 'உவஜாயெமயா'. அந்தக் குறியைப் பார்த்துக் கோபமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் பெயராலும் ஒரு தொல்லை வரலாம். மாஸ்கோ அலுவலகக் கட்டடங்களில் பாஸ் இல்லாமல் உள்ளே விடுவது அரிது. அழைத்தவர் முன்கூட்டியே உங்கள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும்; வாசலில் காவலர் பாஸ்போர்ட்டை வாங்கி ஒப்பிடுவார். மின்னஞ்சலில் 'கே. சரவணன்' என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்தும் இருந்தால் பட்டியலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க ஸ்கேனை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள்; அன்று அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மூன்றாம் மாடி என்றால் நம் கணக்கில் இரண்டாம் மாடி, ஏனென்றால் அங்கே தரைத்தளமே ஒன்று.

உள்ளே போனதும் மேல்கோட்டைக் 'கர்தெரோப்' என்னும் கோட்டு அறையில் கொடுத்துவிட வேண்டும். கோட்டோடு கூட்டத்தில் உட்கார்வது, வந்ததும் கிளம்பத் துடிப்பதுபோல் இருக்கும். கோட்டின் கழுத்துப் பட்டைக்கு உள்ளே, கொக்கியில் மாட்ட ஒரு சின்னத் துணி வளையம் இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். அறுந்திருந்தால் தைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத கோட்டை வாங்கும்போது கோட்டு அறை அம்மா நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

கைகுலுக்குமுன் கையுறையைக் கழற்றுங்கள். பெண்கள் கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று கைகுலுக்கவோ எதையும் கொடுக்கவோ கூடாது. வாசப்படியில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று நம் பாட்டிமார் சொல்வதை அங்கேயும் சொல்கிறார்கள். யாருக்காவது பூங்கொத்து வாங்கினால் ஒற்றைப்படையில் எண்ணி வாங்குங்கள், இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. 101 ரூபாய் மொய் வைக்கிற நமக்கு இதை மறக்க முடியாது. பரிசாக நல்ல நீலகிரித் தேயிலை போதும். எதிரே இருப்பவர் அரசு ஊழியர் என்றால் 3,000 ரூபிளுக்குள் நிறுத்துங்கள். சிவில் சட்டத்தின் 575ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு அது.

இனிப் பணம் புரளும் இடத்துக்கு வருவோம். இங்கே ஒரு கமா உங்களைக் கவிழ்க்கும். ரஷ்யாவில் கமா என்பது தசமப் புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். உங்கள் விலைப்பட்டியலில் '12,500 டாலர்' என்று இருந்தால், அவர்கள் கண்ணுக்கு அது பன்னிரண்டரை டாலர். '1,25,000' என்ற நம் லட்சக் கணக்கோ எதுவென்றே புரியாது. எல்லாவற்றையும் '12 500,00' என்ற வடிவத்துக்கு மாற்றி, தொகையை எழுத்தாலும் எழுதுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பத்தியாக இருக்கும், ஒரு பக்கம் ரஷ்யன், மறுபக்கம் ஆங்கிலம். முரண்பட்டால் எந்த மொழி செல்லும் என்ற வரியை முதலில் தேடுங்கள். பிறகு, கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக 'கெனரால்னி திரெக்தர்' எனப்படும் தலைமை இயக்குநர் நிறுவன விதிமுறையின்படி கையெழுத்திடுவார். வேறு யார் போட்டாலும் 'தவேரென்னஸ்த்' என்ற அதிகாரப் பத்திரம் வேண்டும். அதன் எண், தேதி, காலாவதி நாள் மூன்றையும் பார்த்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் 10 இலக்க வரி எண்ணை வாங்கி, ரஷ்ய வரித்துறையின் இணையதளத்தில் போட்டால் பதிவுச் சான்று இலவசமாகவே வரும். இயக்குநர் பெயர், முகவரி, நிறுவனம் கலைப்பு நடவடிக்கையில் இருக்கிறதா என்பது எல்லாம் அதில் இருக்கும். இதைச் செய்தால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கமே வேண்டாம். 'நம்பு, ஆனால் சரிபார்' என்பது அவர்கள் பழமொழி. உங்களையும் அப்படித்தான் சரிபார்த்திருப்பார்கள். வட்ட முத்திரை 2015 முதல் பெரும்பாலான நிறுவனங்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் மேசை இழுப்பறையிலிருந்து அது வரத்தான் செய்யும். உங்கள் கம்பெனி சீலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சீல் இல்லாத தாளைப் பார்த்தால் கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும்.

கணக்குப் பிரிவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'க்ளாவ்புக்' எனப்படும் தலைமைக் கணக்கர் பெரும்பாலும் ஒரு பெண்மணியாக இருப்பார். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். இயக்குநர் சரி என்றபிறகும், தாளில் பிழை என்று அவர் சொன்னால் பணம் நகராது. அவருடைய பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு பிடிக்கவில்லையா? சண்டை வேண்டாம். 'ப்ரொத்தகோல் ரஸ்னக்லாசிய்' என்றொரு தாள் இருக்கிறது, கருத்து வேறுபாட்டுக் குறிப்பு. ஒரு பத்தியில் அவர்கள் வாசகம், அடுத்த பத்தியில் உங்கள் வாசகம், மூன்றாவதில் ஒத்துக்கொண்டது. இரு தரப்பும் கையெழுத்திட்டால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். வெளிநாட்டார் பலருக்கு இது தெரியாமல், ஒன்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், இல்லை வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

துணிக்கென்று ஒரு பேச்சு தனியாக வரும். ரஷ்யா உறுப்பாக உள்ள யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் 017/2011 என்ற தொழில்நுட்ப விதிப்படி தரச்சான்றும், ரஷ்ய மொழி லேபிளும் வேண்டும். சான்றுக்கு விண்ணப்பிப்பவர் அந்த ஒன்றியத்துக்குள் பதிவானவராக இருக்க வேண்டும். ஆகவே சான்றை எடுப்பது வாங்குபவர். செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள். குழந்தை ஆடைக்கு 007/2011 என்ற தனி விதி. பணம் எந்த வங்கி வழியாக, எந்த நாணயத்தில் வரும் என்பதை அவர்களிடம் எழுதி வாங்கி, உங்கள் வங்கியிடம் எழுத்தில் சம்மதம் பெற்ற பிறகே விமானம் ஏறுங்கள். பொருளாதாரத் தடைப் பட்டியலில் உள்ள வங்கி என்றால் பணம் நடுவழியில் நிற்கும். உங்கள் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை. செலவுக்கு மடிப்பு, கிறுக்கல் இல்லாத டாலர் அல்லது யூரோ நோட்டுகள் கொண்டுபோங்கள்.

மொழிபெயர்ப்பாளரை நீங்களே அமர்த்திக்கொள்வது நல்லது. அவர்கள் ஆள் அவர்களுக்குத்தான் வேலை செய்வார். ஜிஎஸ்எம், காம்பாக்டிங், ஷ்ரிங்கேஜ் போன்ற துணித் தொழில் சொற்களின் பட்டியலை முந்தின நாளே அவரிடம் கொடுங்கள். எல்லாம் இரண்டு முறை பேசப்படும் என்பதால் ஒரு மணி நேரக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது அரை மணிதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். குடிக்காதவர் முதல் கோப்பை ஊற்றுமுன்பே, 'நான் குடிப்பதில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். 'கொஞ்சம் மட்டும்' என்று தொடங்கினால் மாட்டிக்கொண்டீர்கள். இரண்டாவது ஏன் வேண்டாம் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. கோப்பையில் 'மோர்ஸ்' ஊற்றிக்கொள்ளுங்கள். பெயரில்தான் மோர், உள்ளே இருப்பது புளிப்பான பழச்சாறு. குடிக்காவிட்டாலும் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும் முறை உங்களுக்கும் வரும், அதைத் தட்டக்கூடாது. முதல் வாழ்த்து விருந்து கொடுப்பவருடையது. பிறகு எழுந்து, அழைத்ததற்கு நன்றி, தொழில், இரு குடும்பங்களின் நலம் என்று நாலு வாக்கியம் பேசி 'ஸா வ்ஸ்த்ரேச்சு' என்று முடியுங்கள், இந்தச் சந்திப்புக்காக என்று பொருள். வெளிநாட்டார் எல்லோரும் சொல்லும் 'நா ஸ்தரோவ்யெ' வாழ்த்தே அல்ல. சாப்பாட்டுக்கு நன்றி சொன்னவருக்கு விருந்து கொடுத்தவர் சொல்லும் பதில்.

சைவம் என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். மாமிசம் இல்லை என்றால் கோழியோ மீனோ வரலாம். பீட்ரூட் சூப்பான போர்ஷ் பார்வைக்குச் சாதுவாக இருக்கும், அடியில் பெரும்பாலும் மாட்டெலும்பு வெந்த நீர். 'யா நி யெம் மியாசா, ரீபு, கூரித்சு, யாய்ச்சா' என்பதை, அதாவது மாமிசம், மீன், கோழி, முட்டை சாப்பிடமாட்டேன் என்பதை, ரஷ்ய எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். காளான் போட்ட க்ரேச்கா என்ற தானியச் சோறு, எண்ணெய் மட்டும் சேர்த்த வினிக்ரேத் சாலட் கிடைக்கும். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஜார்ஜிய உணவகம் கேளுங்கள். லோபியோ என்ற பயறு, அக்ரூட் (வால்நட்) அரைத்துத் தடவிய கத்தரிக்காய் எல்லாம் நம் நாக்குக்கு ஒட்டும். நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை ஆர்த்தடாக்ஸ் நோன்புக் காலம். பால், முட்டை, மாமிசம் இல்லாத 'போஸ்னயெ' பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பயணத் தேதி கொஞ்சம் தள்ளினால் வசதிதான்.

கூட்டம் முடிந்த மறுநாளே, பேசியது என்ன, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று ஒரு பக்கக் குறிப்பு அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்தை டிசம்பர் 25க்கு அனுப்ப வேண்டாம், அங்கே அது ஜனவரி 7. புத்தாண்டு வாழ்த்தை டிசம்பர் கடைசி வாரத்தில் அனுப்பினால் போதும். ஜனவரி 1 முதல் 8 வரை நாடே விடுமுறையில் இருக்கும். அந்த வாரம் பதில் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது நினைவூட்டலை அலுவலகம் திறந்தபிறகு அனுப்புங்கள்.