ஹைலக்ஸை உயர்த்திய பின் வரும் ‘டக்’ சத்தம்

தம்பி, ஹைலக்ஸ் பிக்கப்பை 2 அங்குலம் உயர்த்திவிட்டுப் பழைய ஷொக்கையே (குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோர்பரையே) விட்டிருக்கிறீர்கள். ஊர்காவற்துறைப் பக்கப் பள்ளங்களில் பின்னால் ‘டக்’ என்று கேட்பது, அநேகமாக ஷொக் முழுதாக நீண்டு முட்டுகிற சத்தம். அப்படியே ஓடினால் ஷொக்கின் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விடும்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் புது ஷொக்கை அளந்து வாங்குங்கள். சேசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) தூக்கித் தாங்கி வைத்து, ஷொக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அச்சைத் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது, கவனம்! ஷொக்கின் மேல், கீழ் போல்ட் இடங்களுக்கு இடையிலான தூரத்தைவிடப் புது ஷொக்கின் விரிந்த நீளம் கொஞ்சம் கூட இருக்கவேண்டும். சுருங்கிய நீளமோ, அச்சு மேலெழும்பி பம்ப் ஸ்டொப்பில் (அதைத் தடுக்கும் ரப்பரில்) முட்டும்போது உள்ள தூரத்தைவிடக் குறைய வேண்டும். பலர் இதைப் பார்ப்பதேயில்லை.

முன்னுக்கு நீளமான ஸ்ட்ரட் (ஷொக்கும் சுருள்வில்லும் சேர்ந்தது) போடுவதென்றால், உயர்த்துவதற்காக வைத்த ஸ்பேசர் துண்டு இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், இரண்டும் சேரக்கூடாது. அப்புறம் அலைன்மென்ட்.